ஏர்சாஃப்ட் தடையை எதிர்த்து இங்கே எப்படித் திரள்வது? செந்தூல் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். செந்தூலிலும் கெப்போங்கிலுமாக நீங்கள் 22 பேர். வார இறுதியில் ஜெல் பிளாஸ்டர், அதாவது தண்ணீரில் ஊறிய ஜெல் உருண்டைகளைச் சுடும் பொம்மைத் துப்பாக்கி, வைத்து ஆடிக்கொண்டிருந்தீர்கள், இப்போது பயந்து நிறுத்தியிருக்கிறீர்கள். பொம்மைத் துப்பாக்கிச் சட்டத்தை இன்னும் இறுக்கப் போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. கனடாவில் படிக்கும் உங்கள் மாமா மகன், அங்கே ஏர்சாஃப்ட் (அசல் போன்ற துப்பாக்கியால் சிறு பிளாஸ்டிக் உருண்டைகளைச் சுட்டு ஆடும் விளையாட்டு) ஆடுபவர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு மசோதாவிலிருந்தே தங்களைப் பாதிக்கும் விதியை எடுக்க வைத்தார்கள் என்கிறார். இங்கேயும் கையெழுத்து வாங்கி மகஜர் கொடுத்தால் நடக்குமா என்று கேட்கிறீர்கள்.

ஏதோ கொஞ்சம் நடக்கும். ஆனால் கையெழுத்து வாங்குவது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றைச் செய்யாமல் மகஜர் கொடுத்தால் நிலைமை இப்போது இருப்பதைவிட மோசமாகும். 2005 முதல் 2008 வரை இங்கிலாந்தின் பர்மிங்காமில் படித்தபோது ஏர்சாஃப்ட் எனக்குப் பிடித்துப்போனது. அங்கே சட்டம் மாறியதையும், ஆடுபவர்கள் அதை எதிர்கொண்டதையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். திரும்பி வந்தபின் கோலாலம்பூரில் வேறொரு விளையாட்டுச் சங்கத்துக்குச் செயலாளராகப் பல வருடம் கடிதம் சுமந்திருக்கிறேன். இந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் நம் மலேசியாவின் நிலைமை. கனடாக்காரர்கள் வரப்போகும் தடையை எதிர்த்தார்கள். நமக்குத் தடை ஏற்கெனவே இருக்கிறது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். போலித் துப்பாக்கிக்கு அதே சட்டத்தின் 36வது பிரிவு: ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றம் செய்யும்போது போலித் துப்பாக்கி கையில் இருந்தால் 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டம் வருகிறது. அதில் 10 ஆண்டு வரை சிறையும், குறைந்தது மூன்று பிரம்படியும் உண்டு. அந்தச் சட்டம் போலித் துப்பாக்கிக்குத் தரும் விளக்கத்தைக் கவனியுங்கள்: சுடுமோ சுடாதோ, துப்பாக்கி போலத் தோற்றமளிக்கும் எதுவும்.

தோற்றம் என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. "உள்ளே போவது தண்ணீரில் ஊறிய ஜெல் உருண்டைதானே அண்ணா" என்று எழுதியிருக்கிறீர்கள். உருண்டை எதுவாக இருந்தாலும், கையில் இருப்பது எம்4 ராணுவத் துப்பாக்கி மாதிரி இருந்தால் அந்த விளக்கம் உங்களைக் காப்பாற்றாது. இப்போது வீட்டில் வைத்திருப்பதை என்ன செய்வது என்று ஒரு வழக்கறிஞரிடம் நேரில் கேளுங்கள், இந்த வாரமே கேளுங்கள். அதுவரை காரில் எடுத்துப் போகாதீர்கள், படம் எடுத்துப் போடாதீர்கள். நாளைக்கு உங்கள் தலைவர் புக்கிட் அமான் காவல் தலைமையகத்தில் போய் உட்காரும்போது, எதிரில் இருப்பவர் முதலில் தேடிப் பார்ப்பது உங்கள் முகநூல் படங்களைத்தான்.

சரி, மற்ற நாடுகளில் என்ன நடந்தது?

எனக்கு நன்றாகத் தெரிந்தது இங்கிலாந்து. அங்கே 2006இல் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம் வந்தது. அசல் போலவே இருக்கும் போலித் துப்பாக்கிகளைத் தயாரிக்க, இறக்குமதி செய்ய, விற்கத் தடை. வைத்திருப்பதற்குத் தடை இல்லை. மசோதா வந்த நாளிலேயே ஆடுபவர்களுக்குக் கலக்கம். புதிதாக வாங்க முடியாவிட்டால் பத்து வருடத்தில் விளையாட்டு தானாகவே செத்துப்போகும். என் விடுதியில் கூட ஆடியவர்கள் முதலில் செய்தது இப்போது நீங்கள் செய்ய நினைப்பதைத்தான். கோபமாகக் கடிதம் எழுதினார்கள், "இது வெறும் பொம்மை, ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டை" என்று. அந்தக் கடிதங்களால் ஒன்றும் நகரவில்லை என்றுதான் நினைக்கிறேன். பொம்மையா இல்லையா என்பது எதிர்த்தரப்பின் கேள்வியே இல்லை. கொள்ளைக்காரன் அதை நீட்டினால் எதிரே நிற்பவருக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

விஷயத்தை நகர்த்தியது வேறு. கள உரிமையாளர்களும் கடைக்காரர்களும் ஒழுங்காக ஆடும் ஆள் யார் என்று காட்ட ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 2007 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிமுறைகளில் ஏர்சாஃப்ட் ஆட்டத்துக்கு விலக்கு கிடைத்தது. அதற்கு வைத்த நிபந்தனை என்ன தெரியுமா? மூன்றாம் நபர் பொறுப்புக் காப்புறுதி. ஆட்டத்தில் வெளியாள் யாருக்காவது அடிபட்டால் நஷ்டஈடு கொடுக்கக் காப்புறுதி இருக்க வேண்டும், அப்படி நடத்தப்படும் ஆட்டத்துக்காக விற்றால் குற்றமில்லை. விளையாட்டைக் காப்பாற்றியது ஒரு காப்புறுதிப் பத்திரம் என்று சொன்னால் பலருக்குச் சப்பென்று இருக்கும். எனக்கு அதை நினைத்தால் இன்றும் மரியாதையாக இருக்கிறது. யாரோ சிலர் உட்கார்ந்து, அரசுக்கு எது கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய விஷயம் என்று யோசித்திருக்கிறார்கள்.

அதோடு வணிகர்களின் சங்கமான யுகாரா ஒரு பதிவேடு வைத்தது. இரண்டு மாதத்துக்குக் குறையாத காலத்தில் மூன்று ஆட்டமாவது ஒரு களத்தில் ஆடியிருந்தால்தான் உங்கள் பெயர் ஏறும். பெயர் இருந்தால் அசல் போன்றதை விற்பார்கள், இல்லாவிட்டால் பாதிக்கு மேல் பளிச்சென்ற நிறம் பூசியதுதான். இந்தப் பதிவேடு சட்டத்தில் எழுதியதல்ல. சட்டம் கொடுத்த விலக்கைத் தாங்கள் ஒழுங்காகப் பயன்படுத்துகிறோம் என்று காட்டத் தொழிலில் இருந்தவர்களே உருவாக்கியது.

அந்த மூன்றாவது ஆட்டம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நவம்பர் மாதம், ஊசி மரக் காடு, மழையில் நனைந்த தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மடக்கு மேசை. மேசையில் உருண்டையின் வேகத்தை அளக்கும் வேகமானி. ஒவ்வொருவரும் வரிசையில் வந்து அதன் குழாய்க்குள் மூன்று முறை சுட்டுக் காட்ட வேண்டும். உருண்டையின் விசையை ஜூல் என்ற ஆற்றல் அலகில் கணக்கிடுவார்கள்; 0.20 கிராம் உருண்டை நொடிக்கு 100 மீட்டர் போனால் சரியாக 1 ஜூல். என்னுடையது களத்தின் வரம்புக்குள் இருந்தது, பச்சை நாடாவைப் பீப்பாயில் கட்டிவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவனுடையது வரம்பைக் கொஞ்சம் தாண்டியது. அறுபது வயதைத் தாண்டிய நடுவர் ஒருவர், குரலை உயர்த்தாமல், "இன்றைக்கு வாடகைத் துப்பாக்கி எடுத்துக்கொள்" என்றார். அவன் அந்த நடுவரின் தம்பி மகன் என்று பிறகுதான் தெரிந்தது. அப்புறம் அவர் என் அட்டையில் மூன்றாவது தேதியை எழுதி, நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக் கொடுத்தார். நாடாளுமன்றத்தில் பேசியவர்களைவிட அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள்தான் ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள் என்று நான் நம்புகிறேன்.

பத்து வருடம் கழித்து அங்கே இன்னொரு சோதனை வந்தது, இந்த முறை அவர்களைக் குறிவைக்காத ஒரு சட்டத்திலிருந்து. உயிருக்கு ஆபத்தான துப்பாக்கி எது என்பதற்கு 1 ஜூல் என்று எல்லை வைக்கச் சொல்லி இங்கிலாந்தின் சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது. நல்ல நோக்கம்தான், குழப்பத்தைத் தீர்க்கச் செய்த பரிந்துரை. ஆனால் விலக்கு எதுவும் இல்லாமல் அந்த எல்லை சட்டமாகியிருந்தால் பல ஏர்சாஃப்ட் துப்பாக்கிகள் ஒரே இரவில் அசல் துப்பாக்கி ஆகியிருக்கும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1 ஜூல் எல்லை வந்தது, கூடவே ஏர்சாஃப்டுக்குத் தனி விலக்கும் வந்தது: தொடர்ந்து சுடுவதற்கு 1.3 ஜூல் வரை, ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல் வரை. பத்து வருடமாக வைத்த கணக்கும் பதிவேடும் இல்லாமல், யாரோ அவசரமாக ஓடிப்போய்க் கேட்டிருந்தால் இவ்வளவு துல்லியமான எண் கிடைத்திருக்காது.

இனி கனடா. உங்கள் மாமா மகன் சொன்னது சரி. சி-21 என்ற மசோதா 2022 மே மாத இறுதியில் தாக்கலானது. கைத்துப்பாக்கி வாங்குவதை நிறுத்துவதுதான் அதன் முக்கிய நோக்கம். அதற்குள் ஒரு விதி, அசல் துப்பாக்கி போலவே இருந்து, உருண்டையை நொடிக்கு 366 முதல் 500 அடி வேகத்தில் தள்ளும் எதையும் தடைசெய்யப்பட்ட சாதனமாக்கியது. அங்கே ஆடுபவர்களின் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இந்த வேகத்துக்குள்தான் வரும். ஆடுபவர்களும் கடைக்காரர்களும் மனுப் போட்டார்கள், தங்கள் தொகுதி உறுப்பினரைப் பார்த்தார்கள், மசோதாவை ஆராய்ந்த குழுவின் முன்போய்ச் சாட்சி சொன்னார்கள். 2023 மே மாதம் குழு நிலையிலேயே அந்த விதி போய்விட்டது. மசோதாவின் மற்ற பகுதிகள் அந்த ஆண்டு டிசம்பரில் சட்டமாயின. இதில் ஒன்றைக் கவனியுங்கள். மொத்த மசோதாவும் வேண்டாம் என்று கத்தியவர்கள் தனி, அந்த ஒரு விதி மட்டும் வேண்டாம் என்றவர்கள் தனி. அசல் துப்பாக்கி உரிமைக்காரர்களோடு ஒரே மேடையில் ஏறியிருந்தால், குற்றத்தைக் குறைக்க நினைத்த உறுப்பினர்கள் இவர்களுக்குக் காது கொடுத்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

கிடைக்காத கதையும் தெரிந்திருக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் 2010 தேர்தலின்போது துப்பாக்கித் தடையில் ஏர்சாஃப்டையும் சேர்த்தார்கள். பல வருடம் ஆடிய ஒரு வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஏர்சாஃப்ட் துப்பாக்கியைத் தடையில் சேர்த்தது செல்லும், அதைப் போலச் செய்த வெறும் மாதிரிப் பொருளைச் சேர்த்தது மட்டும் செல்லாது என்று தீர்ப்பு. கேட்டதில் ஓரம்தான் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜெல் பிளாஸ்டருக்கு 2021 பிப்ரவரி முதல் தகுந்த காரணம் காட்ட வேண்டும், சங்க உறுப்பினராக இருப்பது அப்படி ஒரு காரணம். பக்கத்து மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியாவில் அதற்குச் சில மாதம் முன்பே அதை அசல் துப்பாக்கிச் சட்டத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். ஏர்சாஃப்ட் பிறந்த ஜப்பானிலேயே 2006இல் 0.98 ஜூல் எல்லை வந்தது. ஓடும் கார்களைச் சிலர் பலப்படுத்திய துப்பாக்கியால் சுட்டதுதான் காரணம். சிலர் செய்ததற்கு எல்லாரும் பதில் சொல்ல வேண்டி வந்தது.

கலிஃபோர்னியாவில் நடந்ததைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2013 அக்டோபரில் சான்டா ரோசா என்ற ஊரில் 13 வயதுப் பையன் ஒருவன் ஏகே ரக ராணுவத் துப்பாக்கி மாதிரி இருந்த ஏர்சாஃப்ட் துப்பாக்கியோடு தெருவில் நடந்து போனான். காவல் அதிகாரி அசல் என்று நினைத்துச் சுட்டார். பையன் இறந்தான். அடுத்த ஆண்டு அங்கே சட்டம் வந்தது, 2016 முதல் நடைமுறை. மற்ற போலித் துப்பாக்கிகள் முழுவதும் பளிச்சென்ற நிறத்தில் இருக்க வேண்டும். ஏர்சாஃப்டுக்கு விசை வளையத்திலும் பிடி போன்ற சில இடங்களிலும் ஒளிரும் நிறம் இருந்தால் போதும் என்று விட்டார்கள். அங்கே ஆடுபவர்களில் சிலர் இதையும் எதிர்த்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 13 வயதுப் பிள்ளையை இழந்த ஒரு வீட்டுக்கு முன்னால், என் துப்பாக்கியின் அழகு கெடுகிறது என்று ஒருவர் எப்படிப் பேசுவார்? நீங்கள் மகஜர் எழுதும்போது இந்தப் பையனை மறக்காதீர்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மஸ்ஜிட் இந்தியாவில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். போலித் துப்பாக்கி காட்டிக் கொள்ளை என்று தமிழ்ப் பத்திரிகையில் அவர் எத்தனை முறை படித்திருப்பார். உங்கள் மகஜர் அவருக்கும் பதில் சொல்ல வேண்டும். 1 ஜூல், 1.3 ஜூல் என்று நீங்கள் எவ்வளவு கணக்குக் காட்டினாலும், 9 மில்லிமீட்டர் குண்டுக்கு ஏறத்தாழ 500 ஜூல் என்று ஒப்பிட்டுக் காட்டினாலும், அந்தக் கடைக்காரருக்கு அது பதிலாகாது. அவர் பார்ப்பது தோற்றத்தை. நம் சட்டம் பார்ப்பதும் அதைத்தான்.

அதனால் சொந்தமாக வைத்திருக்கும் உரிமையைக் கேட்காதீர்கள். களத்தில் ஆடும் அனுமதியைக் கேளுங்கள். துப்பாக்கிகள் உரிமம் பெற்ற களத்திலேயே பூட்டி இருக்கும், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இருக்கும், யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள், துப்பாக்கியின் பாதிக்குப் பளிச்சென்ற நிறம், 18 வயதுக்குக் கீழே ஆட்டம் இல்லை, காப்புறுதி உண்டு. சாய உருண்டையைச் சுட்டு ஆடும் பெயின்ட்பால் நமக்குப் பழக்கமானதுதான். ரவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஓரங்களில் நாமே வாடகைக்கு எடுத்து ஆடியிருக்கிறோம். லங்காவியில் சர்வதேசப் போட்டியே நடந்திருக்கிறது. அந்தப் பாதையில் இன்னொரு விளையாட்டைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது ஓர் அதிகாரிக்குப் புரியும். குறிபார்க்கும் போட்டியாகக் காட்டுவதும் உதவும். ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கிக்கென்றே சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடும் கூட்டமைப்பில் ஒரு பிரிவு இருக்கிறது, 2018இல் ஹாங்காங்கில் அதற்கு உலகப் போட்டி நடந்தது. ஹாங்காங்கில் சட்ட எல்லை 2 ஜூல்.

உங்களுக்குள் சிலருக்கு இது கசக்கும், தெரியும். சொந்தத் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பதில்தான் பாதிச் சந்தோஷம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நம் சட்டத்தோடு இன்றைக்கு அதைக் கேட்டால் கதவு திறக்காது.

அடுத்து, யார் கேட்பது? 22 பேர் என்பது வாட்ஸ்அப் குழு, சங்கம் அல்ல. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தில் ஏழு பேர் இருந்தாலே சங்கம், பதிவு செய்ய வேண்டும். விளையாட்டு அமைப்பு என்றால் 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு. பெயரில் துப்பாக்கி என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் செயலாளராக இருந்த சங்கத்தின் விண்ணப்பம் ஒரு முறை ஏழு மாதம் கிடப்பில் கிடந்தது. காரணம் கேட்கப் போனால், நோக்கங்கள் என்ற பகுதியில் ஒரு வரி தெளிவாக இல்லை என்றார்கள். அந்த ஒரு வரியைத் திருத்திக் கொடுத்தபின் நகர்ந்தது. அதனால் விதிமுறையை எழுதும்போதே பழக்கமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் நம் ஆட்கள் மட்டும் இருக்க வேண்டாம். கெப்போங் சீன நண்பர்களும், கோம்பாக் பக்கம் மலாய் நண்பர்களும் ஆடுவதாகச் சொன்னீர்களே, அவர்களையும் பொறுப்பில் வையுங்கள். தமிழ் இளைஞர்கள் மட்டும் துப்பாக்கி கேட்டு வந்தார்கள் என்று ஒரு தலைப்பு வந்தால் குண்டர் கும்பல் பேச்சு எவ்வளவு வேகமாக ஒட்டிக்கொள்ளும் என்று உங்களுக்கே தெரியும். நியாயமில்லாத பேச்சுதான். அதற்காகவே முன்கூட்டித் தடுக்க வேண்டும். கடிதம் மலாயில் இருக்கட்டும், இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

எங்கே கொடுப்பது? நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் மசோதாவின் பெயரும் இல்லை, அமைச்சின் பெயரும் இல்லை. அதை நம்பிப் போராட்டம் தொடங்காதீர்கள். மசோதா என்று ஒன்று வந்தால் மக்களவையில் முதல் வாசிப்பு நடக்கும், நாடாளுமன்ற இணையதளத்தில் முழு வாசகமும் இருக்கும். இரண்டாம் வாசிப்புக்கு முன்னால்தான் உங்களுக்கு நேரம். ஆனால் நம் நாட்டில் பல கட்டுப்பாடுகள் நாடாளுமன்றத்துக்கே போகாமல் அமைச்சரின் விதிமுறையாக அரசிதழில் வந்துவிடும். ஆகவே உள்துறை அமைச்சுக்கும் புக்கிட் அமானுக்கும் முதலிலேயே போய் முகம் காட்டுங்கள்.

மசோதா குழுவுக்குப் போனால் மாறும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2022இல் புகைத்தல் கட்டுப்பாட்டு மசோதா வந்தது. 2007 முதல் பிறந்தவர்களுக்குச் சிகரெட்டும் வேப் என்ற மின்சிகரெட்டும் விற்கவே கூடாது என்ற விதி அதில் இருந்தது. மசோதா சிறப்புத் தேர்வுக் குழுவுக்குப் போனது, இழுபறியானது, பிறகு புதிதாகத் தாக்கலான மசோதா 2023 நவம்பரில் அந்த விதி இல்லாமலேயே மக்களவையில் நிறைவேறியது. அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, பிள்ளைகளின் நுரையீரல் விஷயம் அது. ஆனால் நடைமுறையைக் கவனியுங்கள். வேப் வணிகர்கள் எவ்வளவோ சத்தம் போட்டார்கள். விதியை எடுப்பதற்குச் சொல்லப்பட்ட காரணமோ சட்டத்துறைத் தலைவரின் கருத்து, பிறந்த ஆண்டை வைத்து மக்களைப் பிரிப்பது அரசியலமைப்பின் சமத்துவ விதியோடு மோதும் என்பது. சட்ட வாதம் ஒன்று கையில் இல்லாமல் போகாதீர்கள் என்று அதனால்தான் சொல்கிறேன்.

தொகுதி உறுப்பினரைப் பார்க்க சேவை மையத்துக்கு இருபது பேர் திரண்டு போகாதீர்கள். மூன்று பேர் போங்கள், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது, ஒருவர் பிள்ளைகளைப் பெற்ற தகப்பனாக இருக்கட்டும். நான் பார்த்த ஒரு சேவை மையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா, கோப்பைத் திறந்து கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார், யார் கையெழுத்து, எந்த முகவரி, இந்தத் தொகுதியில் ஓட்டு உள்ளவரா என்று. மற்றதை அதிகாரியிடம் தள்ளிவிட்டார். எனவே கையெழுத்து வாங்கும்போது தொகுதி வாரியாகப் பிரித்து வாங்குங்கள். பத்து ஆயிரம் பெயரை இணையத்தில் சேர்ப்பதைவிட, பத்து தொகுதியில் ஐம்பது ஓட்டாளர் அந்த மேசைக்கு அதிகம் பேசுவார்கள்.

ஆடும் ஆசை தாங்காவிட்டால் அனுமதி உள்ள நாட்டுக்குப் போகும்போது அங்கே களத்தில் வாடகைக்கு எடுத்து ஆடுங்கள். தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசார் வழியாக ஓர் உதிரிப் பாகம்கூடக் கொண்டு வராதீர்கள். உங்களில் ஒருவர் பிடிபட்டால் அடுத்த மூன்று வருடம் இந்தக் கோப்பை யாரும் திறக்க மாட்டார்கள்.

சங்க விதிமுறை வரைவை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். நோக்கங்கள் பகுதியை நான் பார்த்துத் தருகிறேன். அதற்கு முன், 22 பேரில் எத்தனை பேர் வீட்டில் வைத்திருப்பதை விட்டுவிடத் தயார் என்று கேட்டு எண்ணிப் பாருங்கள். ஏழு பேராவது இருந்தால் அவர்களை வைத்துத் தொடங்கலாம்.